பேட்டரிய குத்தம் சொல்றதுக்கு முன்னாடி நெகட்டிவ் ஒயர பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் வாசகர் கடிதம் பகுதில நாகப்பட்டினம் பக்கத்துலேர்ந்து ஒருத்தர் எழுதியிருந்தாரு, அவரோட ஃபைபர் போட்டுக்கு (கண்ணாடியிழைப் படகு) ஒன்றரை வருஷத்துல மூணு பேட்டரி மாத்திட்டாராம், இப்ப வர்ற பேட்டரி ஒன்னும் சத்தில்ல, செய்யிறவனும் ஏமாத்துறான் விக்கிறவனும் ஏமாத்துறான்னு. படிச்சதும் எனக்கு சிரிப்பும் வந்துச்சு, கொஞ்சம் வெக்கமாவும் இருந்துச்சு, ஏன்னா போன ஐப்பசி வரைக்கும் நானும் இதே பாட்டத்தான் பாடிகிட்டு திரிஞ்சேன். அவரு பேட்டரி நல்லதா கெட்டதான்னு நான் இங்கேர்ந்து சொல்ல முடியாது, ஆனா மூணு பேட்டரியும் ஒன்னு போல போச்சுன்னா சந்தேகம் பேட்டரி மேல வரக்கூடாது, அதுலேர்ந்து போற ஒயர் மேலதான் வரணும். அத சொல்லத்தான் இந்த லெட்டர், கொஞ்சம் நீளமா போயிரும், வெட்டிப் போட்டாலும் பரவாயில்ல, ஆனா நெகட்டிவ் ஒயர பத்தி எழுதுனத மட்டும் தயவு பண்ணி வெட்டிராதீங்க.

நான் மின்வாரியத்துல வயர்மேனா இருந்து ரிட்டயர் ஆனவன். 34 வருஷம் கம்பம் ஏறியிருக்கேன். 2018 நவம்பர் 16 விடியக்காலம் கஜா புயல் அடிச்சிட்டுப் போனதும் எங்க பக்கம் நட்ட கம்பம் நட்ட மேனிக்கு நிக்கல, தென்னை எல்லாம் தலையில்லாம கெடக்கு, அப்ப வாரக்கணக்கா வீட்டுக்குப் போகாம லைன் இழுத்தோம். அதனால கரண்டு விஷயத்துல எனக்கு யாரும் சொல்லிக் குடுக்க வேணாம்னு ஒரு நெனப்பு இருந்துச்சு. அந்த நெனப்ப வெறும் 12 வோல்ட் பேட்டரி ஒன்னு மூணு வாரத்துல எறக்கி விட்டுருச்சு.

விஷயம் இதுதான். என் அக்கா மவன் எங்க முத்துப்பேட்டைக்குப் பக்கத்துல ஜாம்புவானோடைல இருபது அடி ஃபைபர் போட்டு ஒன்னு வெச்சிருக்கான், பின்னாடி சின்ன அவுட்போர்டு இஞ்சின், சுவிட்சு போட்டா ஸ்டார்ட் ஆவுற வகை. கோரையாறு வழியா அலையாத்திக்காட்டுக்குள்ள போயி லகூன்ல எறா, நண்டு, மடவை, காத்து நல்லா இருந்தா முகத்துவாரம் தாண்டியும் கொஞ்ச தூரம். ஐப்பசி மழைல ஒரு நாளு காலையில போன் பண்றான், "மாமா, இஞ்சின் டக்கு டக்குங்குது, சுத்த மாட்டேங்குது, வத்தம் வேற, தண்ணி எறங்கிகிட்டே இருக்கு, சேத்துல ஒக்காந்துட்டா சாயந்தரம் வரைக்கும் இங்கதான்"னு. நல்ல வேளையா பக்கத்து போட்டுக்காரன் கயிறு போட்டு இழுத்துட்டு வந்தான். மறுநாளே கடைக்குப் போயி ஆறாயிரத்துச் சொச்சம் குடுத்து புது பேட்டரி போட்டான். பழச எக்ஸ்சேஞ்சுல கடைக்காரரு அடிமாட்டு வெலைக்கு கேட்டதால குடுக்காம வீட்டுக்கு தூக்கிட்டு வந்துட்டான், இது பின்னாடி வரும், ஞாபகம் வெச்சுக்குங்க.

பத்து நாளு. பத்தே நாளு ஓடுச்சு. திரும்ப அதே டக்கு டக்கு. இந்த தடவை கூடவே படகுக்குள்ள சேர்ற தண்ணிய எறைக்கிற சின்ன பம்பு சவலப்புள்ள மாதிரி சுத்துது, தண்ணி வருது ஆனா பீச்சல, ஒழுகுது. அப்புறம் வாக்கி டாக்கி, படகு பேட்டரிலயே ஓடுற செட்டு. அது இன்னும் விசித்திரம், மத்தவங்க பேசறது நல்லா கேக்குது, இவன் பட்டன அமுக்கிப் பேசப் போனா அப்படியே அணைஞ்சிருது, விட்டா திரும்ப உயிர் வருது. கடையில கேட்டா ஸ்டார்ட்டர் மோட்டார் காயில் போச்சு, பம்பு போச்சு, வாக்கி டாக்கியும் சர்வீஸுக்கு குடுக்கணும்னு மூணுக்கும் தனித்தனியா ஒரு தொகை சொல்லிட்டாங்க. அப்பத்தான் அக்கா என்னைக் கூப்பிட்டுச்சு, "தம்பி, இவன் சம்பாதிக்கிறத எல்லாம் கடையிலயே குடுத்துட்டு வர்றான், நீ போயி என்னன்னு பாரேன்"னு.

போனேன், சட்டப் பாக்கெட்டுல டெஸ்டர் சொருவிகிட்டு. பழக்க தோஷம். டெஸ்டர வெச்சா எரியல. எப்படி எரியும், அதுக்குள்ள இருக்கற நியான் எரியறதுக்கு 12 வோல்ட் எந்த மூலைக்கு. மருமவன் வாய மூடிகிட்டு அந்தப் பக்கம் திரும்பிகிட்டான், சிரிக்கிறான்னு முதுகு குலுங்கறதுலயே தெரிஞ்சுது.

சரின்னு 400 ரூவாக்கு ஒரு டிஜிட்டல் மீட்டர் வாங்கினேன். பேட்டரில வெச்சா 12.6. நல்ல பேட்டரி, முழு சார்ஜ். பம்புக்குப் போற கனெக்ஷன கழட்டி ஒயர் முனையில வெச்சா அங்கயும் 12.6. அவ்வளவுதான், நான் தீர்ப்பு சொல்லிட்டேன், "கரண்டு முனை வரைக்கும் வந்துருச்சு, பம்புதான் அவுட்டு, மாத்துடா"ன்னு. புது பம்பு வந்துச்சு. அதுவும் சவலப்புள்ள மாதிரியே சுத்துச்சு. 34 வருஷ சர்வீஸுக்கு அன்னைக்கு கெடச்ச மரியாதைய நான் இங்க எழுத விரும்பல.

அந்த வாரம் வேற வேலையா திருத்துறைப்பூண்டி போயிருந்தப்ப லாரிக்கு ஒயரிங் பாக்கற ஒரு பெரியவர்கிட்ட பேச்சுவாக்குல சொன்னேன். எழுபது வயசுக்கு மேல இருக்கும், கண்ணாடிய நெத்தில ஏத்தி வெச்சுகிட்டு கேட்டாரு, பாதிலயே நிறுத்திட்டு, "தம்பி, கட்டுத்தறில நிக்கிற மாட்ட பாத்து வண்டி இழுக்குமான்னு சொல்லுவியா, நொகத்தடில பூட்டித்தான பாப்ப? கனெக்ஷன கழட்டிட்டு ஏன் அளந்த?"ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு, டீ குடிச்சிட்டு அடுத்த வண்டிக்குள்ள பூந்துட்டாரு. எனக்கு பஸ்ஸுல வரும்போதுதான் மண்டையில ஏறுச்சு.

நம்ம ஊருக்காரங்களுக்கு இத வாய்க்கா வெச்சு சொன்னா புரியும். கடைசி மதகை மூடி வெச்சிட்டா வாய்க்கால் நடுவுல எவ்வளவு வெங்காயத்தாமரை அடைச்சுகிட்டு கெடந்தாலும் தண்ணி மெதுவா கசிஞ்சு கசிஞ்சு ஏறி, தலைமதகுல என்ன மட்டமோ கிட்டத்தட்ட அதே மட்டம் கடைசிலயும் நிக்கும். பாக்கறவன் ஆஹா கடைமடை வரைக்கும் தண்ணி வந்துருச்சும்பான். மதகை தொறந்து வயலுக்கு விட்டுப் பாருங்க, பொசுக்குன்னு மட்டம் எறங்கிடும், அப்பத்தான் அடைப்பு இருக்கறதே தெரியும். மீட்டர் மூடுன மதகு மாதிரி. அது குடிக்கற கரண்டு ஒன்னுமே இல்ல. ஒயர்ல நாப்பது இழை இருந்து முப்பத்தொன்பது செத்து ஒரே ஒரு இழை தொங்கிகிட்டு இருந்தாலும் மீட்டர் 12.6 காட்டும். பம்பு கேக்கறது அஞ்சு ஆம்ப், அந்த ஒரு இழை என்ன பண்ணும்.

வாக்கி டாக்கி சங்கதியும் அப்பவே விளங்கிப் போச்சு. கேக்கும்போது அது எடுக்கறது அரை ஆம்ப் கூட இருக்காது, பேசும்போது அஞ்சாறு ஆம்ப் இழுக்கும். அதான் கேக்குது, பேசுனா சாவுது. எவனாச்சும் இந்த மாதிரி சொன்னா செட்டு ரிப்பேர்னு நெனைக்காதீங்க, ஒயர் ரிப்பேரா இருக்கவே வாய்ப்பு ஜாஸ்தி. அணியத்துல, அதான் படகு முன்பக்கத்துல, வெச்சிருந்த எல்இடி லைட்டு மட்டும் இத்தனைக்கும் பளிச்சுன்னு எரிஞ்சுகிட்டு இருந்துச்சு, அது குடிக்கற கரண்டு அவ்வளவு கம்மி, அதனால லைட்டு எரியுது ஒயர் நல்லாருக்குன்னு நெனச்சு நாங்களே ஏமாந்தோம். பழைய குண்டு பல்பா இருந்திருந்தா மங்கி எரிஞ்சு முன்னாடியே காட்டிக் குடுத்துருக்கும்.

மறுநாள் விடியக்காலமே போயிட்டேன். முதல்ல பழைய பைக் ஹெட்லைட்டு பல்பு ஒன்ன, 60 வாட்ஸ் இழை உள்ளது, ரெண்டு ஒயர் பத்த வெச்சு எடுத்துகிட்டேன், அது 12 வோல்ட்ல அஞ்சு ஆம்ப் இழுக்கும், பம்புக்கு பதிலா லோடு. அத பம்பு முனையில மாட்டுனா பல்பு செவப்பா, அணையப் போற அடுப்பு தணல் மாதிரி எரியுது. அங்க மீட்டர வெச்சா 7.9. அதே நேரம் பேட்டரில 12.4. அப்ப நடுவுல நாலரை வோல்ட்ட எவனோ தின்னுட்டு ஒக்காந்திருக்கான். யாரு அவன்?

இங்கதான் நான் சொல்ல வந்த விஷயம். நம்ம எல்லாருக்கும் பாசிட்டிவ் ஒயர பாக்கற புத்தி உண்டு, சிவப்பு ஒயரத்தான் தேடுவோம், சுவிட்சு, ஃப்யூஸ் எல்லாம் அதுலதான் இருக்கு. கறுப்பு ஒயர் சும்மா திரும்பி வர்ற ஒயர்தானேன்னு விட்டுருவோம். டெல்டாக்காரனுக்கு இது புதுசா என்ன, பாசன வாய்க்கால தூர்வாருன்னு போராட்டமே பண்ணுவோம், வடிகால ஒருத்தன் எட்டிப் பாக்க மாட்டான், அப்புறம் ஐப்பசி மழைல பயிரு முழுகுனப்புறம் ஐயோன்னு அடிச்சுக்குவோம். நெகட்டிவ் ஒயர் படகோட வடிகால். உள்ள வந்தது வெளிய போகலன்னா உள்ள வர்றதும் நின்னுரும்.

அளக்கறது எப்படின்னா, லோடு ஓடிகிட்டே இருக்கணும், பல்பு எரியணும். மீட்டர டிசி வோல்ட்ல வெச்சு ஒரு முள்ள (மீட்டர் ஒயரோட கூர் முனை) பேட்டரி பாசிட்டிவ் கட்டை மேலயே வெச்சு, இன்னொரு முள்ள பல்போட பாசிட்டிவ் முனையில வெச்சா, அந்த வழியில தொலையிற வோல்ட்ட அப்படியே காட்டும். எங்களுக்கு 0.2 காட்டுச்சு. சுத்தம். இப்ப அதே மாதிரி பேட்டரி நெகட்டிவ் கட்டைக்கும் பல்போட நெகட்டிவ் முனைக்கும் வெச்சோம். 4.3. "மாமா, ஒரே ஒயரோட ரெண்டு முனைதான இது, ஒன்னுமே காட்டக் கூடாதுல்ல?"ன்னான் மருமவன். ஆமாடா, அதான் திருடன் அங்க இருக்கான்னேன். 12.4-ல இந்த 0.2-யும் 4.3-யும் கழிச்சா 7.9, கணக்கு நேரா வந்துச்சு, எனக்கு அப்பத்தான் போன மரியாதை கொஞ்சம் திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு.

அப்புறம் ஒன்னும் கஷ்டமில்ல, ஒரு முள்ள பேட்டரி நெகட்டிவ்ல வெச்சுட்டு இன்னொரு முள்ள ஒவ்வொரு ஜாயிண்டா நகத்திகிட்டே போகணும், எந்த ஜாயிண்டுக்கு முன்னாடி 0.1-ம் தாண்டுனதும் 4-ம் காட்டுதோ அதுதான் எடம். உக்கார்ற பலகைக்கு அடியில, எப்பவும் தண்ணி தேங்கற மூலையில, ஒரு முறுக்கு ஜாயிண்டு. வீட்டுல ஒயர முறுக்கி கறுப்பு டேப்பு சுத்துவோம்ல, அதே மாதிரி. பம்பு, வாக்கி டாக்கி, அணியத்து லைட்டு மூணுக்கும் நெகட்டிவ் அது வழியாத்தான் போவுது. டேப்ப பிரிச்சா டேப்பே இல்ல, வெயில்ல உருகி பலாப்பழ பிசுக்கு மாதிரி கையில ஒட்டுது. உள்ள தாமிரம் இருக்க வேண்டிய எடத்துல பச்சைப் பொடி, ஊதுனா பறக்குது, அதுக்கு நடுவுல மூணோ நாலோ இழை. சரி வெட்டிட்டு புதுசா முறுக்குவோம்னு ஒரு விரக்கடை தள்ளி வெட்டுனா உள்ள தாமிரம் கன்னங்கரேல்னு இருக்கு. இன்னும் ஒரு சாண் தள்ளி வெட்டுனோம், கறுப்பு. உப்புத்தண்ணி ரப்பருக்குள்ளயே வெளக்குத்திரில எண்ணெ ஏற்ற மாதிரி ஏறிப் போயிருக்கு. ரெண்டு சாண் வெட்டுனப்புறம்தான் செவப்பா மினுக்குற தாமிரம் கண்ணுல பட்டுச்சு. கறுத்த ஒயர்ல லக்கு (ஒயர் முனையில அமுக்கி மாட்டுற உலோகக் கொண்டி) அடிச்சாலும் புடிக்காது, சால்டரும் ஒட்டாது, அந்தத் துண்ட கழிச்சுக் கட்டிட வேண்டியதுதான், கஞ்சத்தனம் பாக்கக் கூடாது.

ஸ்டார்ட்டர் டக்கு டக்குக்கு இது காரணம் இல்ல, அதுக்கு தடி கேபிள் தனியா போவுது. அங்கயும் அதே வித்தைதான். மருமவன சாவிய திருப்பச் சொல்லிட்டு, நான் ஒரு முள்ள பேட்டரியோட ஈயக் கட்டை மேலயும் இன்னொன்ன அத புடிச்சிருக்கற கிளாம்பு மேலயும் வெச்சேன், ரெண்டுக்கும் நடுவுல ஒரு நூல் எடம் கூட இல்ல, ஆனா மீட்டர் ரெண்டு வோல்ட்டுக்கு மேல காட்டுது. தொட்டா கிளாம்பு சுடுது. கழட்டிப் பாத்தா உள்பக்கம் சாம்பல் மாதிரி ஒரு படலம், வெளிய பாத்தா ஒன்னுமே தெரியாது. டக்கு டக்குன்னு ஏன் சத்தம் வருதுன்னா, உள்ள இருக்கற சோலனாய்டுங்கிற காந்த சுவிட்சு முதல்ல இழுத்துக்கும், உடனே மோட்டார் பெரிய கரண்டு கேக்கும், அந்த மோசமான ஜாயிண்ட்ல வோல்ட் விழுந்துரும், சோலனாய்டு பிடிய விட்டுரும், விட்டதும் வோல்ட் ஏறும், திரும்ப இழுக்கும், இதே கூத்து. சோடா உப்பு கரைச்ச தண்ணி ஊத்தி, கம்பி பிரஷ்ஷால தேச்சு, நல்லா தொடச்சு, கையால திருவுற ரெக்கை நட்ட தூக்கிப் போட்டுட்டு ஸ்பேனர்ல இறுக்குற நட்டு போட்டு, மேல கிரீஸ் தடவுனோம். சாவிய திருப்புனான், ஒரே சுத்து.

புது பேட்டரி போட்டும் பத்து நாள்ல அதே டக்கு டக்கு வந்ததுக்கும் அந்த கிளாம்புதான் காரணம். பழைய கிளாம்பையே புது பேட்டரில மாட்டியிருக்கான். இஞ்சின் ஓடும்போது சார்ஜும் அது வழியாத்தான உள்ள வரணும். இஞ்சின் நல்லா ஓடும்போது பேட்டரி கட்டைல 13.8லேர்ந்து 14.4 வரைக்கும் காட்டுனா சார்ஜ் ஏறுதுன்னு அர்த்தம். ஓடும்போதும் 12.4-லயே நின்னா ஏறலன்னு அர்த்தம், அப்ப பேட்டரிய எத்தனை மாத்துனாலும் ஓட்டைப் பானையில தண்ணி ஊத்துற கதைதான். இஞ்சின் நிறுத்தி ராத்திரி பூரா விட்டு காலையில அளந்தா 12.6-க்கு மேல இருந்தா முழுசு, 12.2 பாதி, 12-க்கு கீழ போனா காலி பக்கம். நாகப்பட்டினம் வாசகர் இந்த ரெண்டு அளவ எடுத்திருந்தாருன்னா ரெண்டாவது பேட்டரியே வாங்கியிருக்க மாட்டாரோ என்னவோ. ஒரு எச்சரிக்கை, சார்ஜ் ஏறுதான்னு பாக்க இஞ்சின் ஓடும்போதே பேட்டரி ஒயர கழட்டிப் பாக்கற பழக்கம் சில பேருக்கு உண்டு, அது இஞ்சின் கரண்ட டிசியா மாத்திக் குடுக்கற ரெக்டிஃபையர காவு வாங்கிரும்.

இதையெல்லாம் பாக்கறதுக்கு முன்னாடி கியர் நியூட்ரல்ல இருக்கா, சேஃப்டி கயிறு கிளிப்பு மாட்டியிருக்கான்னு பாத்துடுங்க. சிரிக்காதீங்க, நாங்க ஒரு நாள் பூரா ஒயர் தேடுனோம், கடைசில லிவர் ஒரு நூல் கியர்ல இருந்துச்சு, அன்னைக்கு சுத்தாததுக்கு அதான் காரணம். போதாக்குறைக்கு அன்னைக்கு நிழல்னு நெனச்சு தில்லை மரத்துக்கு அடியில கட்டிட்டோம், கிளை ஒடிஞ்சு பால் கையில பட்டு, அந்தக் கையால கண்ண தொடைச்சு, ராத்திரி பூரா எரிச்சல். எங்க பக்கத்துக்காரங்களுக்கு தெரியும், மத்தவங்க தில்லைகிட்ட ஜாக்கிரதை.

ஃப்யூஸ் விஷயம் சொல்லாம விட்டா என் மனசாட்சி ஒத்துக்காது. பெட்டிய தொறந்தா கண்ணாடி ஃப்யூஸுக்கு சிகரெட்டு பெட்டி ஜிகினா பேப்பர சுத்தி வெச்சிருக்கான். வீடு வீடா போயி ஃப்யூஸ் கேரியர்ல தடி கம்பி சுத்தாதீங்கய்யான்னு 34 வருஷம் கத்துனவன் நான், என் அக்கா மவனே இத பண்ணியிருக்கான். கேட்டா, அடிக்கடி போவுது மாமாங்கிறான். அடிக்கடி போனா ஏன் போவுதுன்னு பாக்கணும், ஃப்யூஸு உன்கிட்ட கெஞ்சிகிட்டு இருக்குடா. ஃப்யூஸ் பம்ப காப்பாத்த இல்ல, ஒயர காப்பாத்த. ஒயர் தேஞ்சு எங்கயாச்சும் ஷார்ட் ஆனா ஜிகினா போகாது, ஒயர் பூரா நெருப்புக் கம்பி ஆயிரும், காலுக்கு அடியில பெட்ரோல் டேங்க். வீட்டுல தீப்பிடிச்சா தெருவுக்கு ஓடலாம், லகூன் நடுவுல எங்க ஓடுறது. ஃப்யூஸ பேட்டரி கிட்டயே, ஒரு சாணுக்குள்ள, வைக்கணும், தள்ளி வெச்சா அதுவரைக்கும் உள்ள ஒயருக்கு காவல் இல்ல. பம்புக்கு தனி ஃப்யூஸ் போட்டு மெயின் சுவிட்சுக்கு முன்னாடியே நேரா பேட்டரிலேர்ந்து எடுத்துருங்க, மெயின அணைச்சிட்டு வீட்டுக்குப் போனாலும் மழை பேஞ்சா, தண்ணி ஏறுனதும் தானா பம்ப போடுற மிதவை சுவிட்சு பாத்துக்கும்.

ஒயர் சைஸு பத்தி, இதுல என்னை மாதிரி வீட்டு ஒயரிங் ஆளுங்கதான் தப்பு பண்றது. வீட்டுல லைட்டுக்கு ஒன் ஸ்கொயர் (ஒரு சதுர மில்லிமீட்டர்) ஒயர் இழுப்போம், 230-ல ஒரு வோல்ட் போனா யாரு கேக்கப் போறா. இருபது அடி போட்டுல போக ஆறு மீட்டர் வர ஆறு மீட்டர், பன்னண்டு மீட்டர் ஒயர், அஞ்சு ஆம்ப் போனா ஒன் ஸ்கொயர்ல ஒரு வோல்ட் அப்படியே வழியிலயே கரைஞ்சிரும், 12-ல ஒன்னு போறது சின்ன விஷயமில்ல. ரெண்டரை ஸ்கொயர் போட்டா அரை வோல்ட்டுக்கும் கொஞ்சம் கம்மி, நாலு ஸ்கொயர்னா கால் வோல்ட் சொச்சம். இது புது ஒயருக்கு, பச்சை பூத்ததுக்கு இல்ல. முடிஞ்சா வெள்ளீயம் பூசுன, வெள்ளையா இருக்குற தாமிர ஒயர் வாங்குங்க, உப்புக்கு அதுதான் தாங்கும், எங்க ஊர்ல கேட்டா கடைக்காரர் முழிக்கிறாரு, சொல்லி வெச்சுத்தான் வாங்குனோம். ஒத்தை கம்பி ஒயர் படகுக்கு ஆகவே ஆகாது, ஆட்டத்துல ஒடிஞ்சிரும், பல இழை உள்ளதுதான் வேணும். ஜாயிண்டுக்கு முறுக்கு வேணாம், சால்டர் மட்டும் வெச்சாலும் அது முடியிற எடத்துல ஒயர் வெறச்சுப் போயி ஆட்டத்துல ஒடியும், லக்கு வெச்சு நல்ல பிளையர்ல அமுக்கி, உள்ள பசை இருக்கற ஸ்லீவ மாட்டி சூடு காட்டுனா அது சுருங்கி பசை பிதுங்கி வரும், தண்ணி போக வழியில்ல. ஜாயிண்ட தரையில போடாதீங்க, மேல ஏத்திக் கட்டுங்க, ஒயர் கீழ தொங்கி வளைஞ்சு மேல ஏறுற மாதிரி விட்டா தண்ணி அந்த வளைவுலயே சொட்டிரும்.

நிறத்தையும் நம்பாதீங்க. எங்க போட்டுல முன்னாடி வேலை பாத்த ஆளு நடுவுல சிவப்பு தீந்து போயி கறுப்புலயே பாசிட்டிவ் இழுத்து வெச்சிருக்காரு, நல்ல வேளை மாத்திக் குடுக்கறதுக்கு முன்னாடி மீட்டர் வெச்சுப் பாத்தேன், இல்லாட்டி வாக்கி டாக்கி பொகைஞ்சிருக்கும்.

வேலை ஆரம்பிக்கறப்ப பெட்ரோல் வாடை இருந்தா பலகையெல்லாம் தொறந்து காத்தாட விட்டுட்டு அப்புறம் கை வைங்க. பேட்டரி கழட்டும்போது நெகட்டிவ் முதல்ல, மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. ஸ்பேனர் ரெண்டு கட்டையவும் தொட்டுட்டா வர்ற பொறி சாதாரண பொறி இல்ல, சார்ஜ் ஏறுன பேட்டரிலேர்ந்து வர்ற கேஸ் வேற பக்கத்துலயே இருக்கும்.

இவ்வளவு எழுதறதுக்கு ஒரு காரணம் இருக்கு. விசைப்படகுக்கு ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு தடைக்காலம், அப்ப கரைல ஏத்தி மராமத்து பாக்கறாங்க, அதிகாரிங்களும் வந்து படகு சோதனை பண்றாங்க. சின்ன ஃபைபர் போட்டுக்கு அந்தத் தடை கெடையாது, வருஷம் பூரா தண்ணிலதான், அதனால பலகைய தூக்கி ஒயர பாக்கற நாளே வர்றதில்ல. கடல்ல ஆபத்துன்னா 1554, 1093-க்கு கூப்பிடுன்னு போர்டு வெச்சிருக்காங்க, நல்ல விஷயம்தான், ஆனா வாக்கி டாக்கி அணைஞ்சு, போனையும் அதே பேட்டரிலதான் சார்ஜ் போடுறான்னா எதுல கூப்பிடுவான். மீன்வளத்துறை நடத்துற பயிற்சில அரை நாளு, இந்த மீட்டர லோடு போட்டு எப்படி வைக்கிறதுன்னு சொல்லிக் குடுத்தா போதும், பெருசா செலவில்ல, லைஃப் ஜாக்கெட்டோட சேத்து ஒரு மீட்டரும் குடுத்தா இன்னும் புண்ணியம். நானே வந்து சொல்லிக் குடுக்கறேன், காசு வேணாம், பஸ் செலவு நான் பாத்துக்கறேன். உங்க பேப்பர்லயும் வாரத்துல ஒரு நாள் விவசாயத்துக்கு பக்கம் ஒதுக்கற மாதிரி மாசத்துல ஒரு நாளாவது படகு, இஞ்சின், ஒயர்னு ஒரு கால் பக்கம் ஒதுக்குங்களேன், ஜோசியத்துக்கு எவ்வளவு எடம் குடுக்கறீங்க.

அப்புறம் அந்தப் பழைய பேட்டரி. செத்துப் போச்சுன்னு தூக்கிட்டு வந்து அக்கா வீட்டு திண்ணைல போட்டு வெச்சிருந்தான்ல, அத ராத்திரி பூரா சார்ஜ் போட்டு, ஆற விட்டு மறுநாள் அளந்தேன், 12.6. ஹெட்லைட்டு பல்ப அரை மணி நேரம் எரியவிட்டுகிட்டே அளந்தேன், 12-க்கு கீழ எறங்கவே இல்ல. இப்ப அக்கா வீட்டுல கரண்டு போனா ரெண்டு லைட்டு அதுலதான் எரியுது. நாகப்பட்டினம் வாசகர் அவரு மாத்துன மூணுல ஒன்னாச்சும் வீட்டுல கெடந்தா இதே மாதிரி சார்ஜ் போட்டு, பல்பு மாட்டி அளந்து பாத்துட்டு என்ன காட்டுச்சுன்னு உங்க பேப்பருக்கே எழுதச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வயர்மேன்,
முத்துப்பேட்டை, திருவாரூர் மாவட்டம்.